பாதியில் விட்ட பச்சைப் பட்டினி

மஞ்சத் துணியைப் பார்த்ததுமே நினைச்சேன். பச்சைப் பட்டினிதானே சாமி? சமயபுரத்துக்குத்தானே போறீங்க? கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, பையை நான் மடியில வெச்சுக்கிறேன். இன்னிக்கு எத்தனையாவது நாள்? பன்னெண்டா? அப்ப தாண்டிட்டீங்க. முதல் நாலு நாள்தான் வயிறு கத்தும். அஞ்சாம் நாள், இவன்கிட்ட கத்திப் பிரயோசனம் இல்லைன்னு அதுவே அடங்கிடும். அதுக்கப்புறம் வாய் ஆரம்பிக்கும் பாருங்க, யாரைப் பார்த்தாலும் நான் விரதம் நான் விரதம்னு. உங்களுக்கு அப்படி இல்லையா? நீங்க நல்லவரு. எனக்கு அப்படித்தான் ஆச்சு.

ஆமா, நானும் இருந்தேன், போன வருசம். இருபத்தெட்டு நாளும் இருந்தேனான்னு உடனே கேட்டுடாதீங்க, அங்கதான் வர்றேன். டோல்கேட்ல வண்டி நிக்கிற நிப்பைப் பார்த்தா சொல்லி முடிக்க நேரம் இருக்கு. உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வர்றேன்.

என் பேரு நல்லேந்திரன். பேரூராட்சியில தண்ணி திறந்து விடுற வேலை. டேங்க் ஆபரேட்டர்னு ஆர்டர்ல போட்டிருக்கும். ஊர்ல என்னை எப்படிக் கூப்பிடுவாங்கங்கிறதை ஆர்டர்ல போட முடியாது. மேலத் தெருவுக்கு வால்வைத் திறந்தா கீழத் தெருவுக்கு வராது, கீழத் தெருவுக்குத் திறந்தா மேலத் தெருவுல நூல் மாதிரி ஒழுகும். குழாயடியில நிக்கிற பொம்பளைங்க என் அப்பனை, பாட்டனை, பார்க்காத முப்பாட்டனை எல்லாம் இழுத்துடுவாங்க. இருபத்திரண்டு வருசம் சாமி. இதுல கீழத் தெருவுல பரிமளம்னு ஒரு அம்மா. அது வாயைத் திறந்தா நம்ம டேங்க்கே தேவலை, அதுவாவது ரெண்டு மணி நேரத்துல காலியாகும்.

என் சம்சாரம் பேரு குழுமாயி. புத்தூர்ப் பொண்ணு, அந்தப் பக்கம் அந்தப் பேரு சகஜம். போன வருசம் மாசி மாசம் அவளுக்குக் கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லிட்டாங்க. மாசத்துல பாதி நாள் ரத்தம் போகுது, இவ வாயைத் திறக்காம ஒரு வருசம் ஓட்டியிருக்கா. நானும் ஒரே வீட்டுலதான் இருக்கேன். திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனப்ப டாக்டரம்மா சொன்னாங்க: "கெட்ட கட்டி இல்லை, பயப்படாதீங்க. எடுத்துடலாம். ஆனா ரத்தம் எட்டு பாயிண்ட்தான் இருக்கு. பத்து பாயிண்டாவது வேணும், இல்லைன்னா ஆபரேஷன் மேஜையில படுக்க வெக்கவே எனக்குப் பயம். ஒரு மாசம் நல்லா சாப்பிடுங்க. கீரை, முட்டை, ஈரல், பேரீச்சம்பழம். இந்த மாத்திரையும் போடுங்க."

இது அவளுக்குச் சொன்னது. எனக்குன்னு டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலை. நமக்கு ஒரு வேலை குடுக்கலையேன்னு இருந்துச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, அவ இல்லாம இந்த வீடு எப்படி இருக்கும்னு ஒரு நிமிசம் நினைச்சுப் பார்த்தேன். எனக்குக் காபிப் பொடி எந்த டப்பாவுல இருக்குன்னுகூடத் தெரியாது. பயந்துட்டேன், அதை மறைக்க மாட்டேன்.

அந்தப் பயத்துலதான் மாசிக் கடைசி ஞாயிறு, பூச்சொரிதல் அன்னிக்குக் கோயிலுக்குப் போனேன். உங்களுக்குத் தெரியாததா? மத்த சாமிக்கு நாம பட்டினி கிடப்போம். சமயபுரத்து ஆத்தா ஒருத்திதான் நமக்காகத் தான் பட்டினி கிடக்கிறவ. இருபத்தெட்டு நாளும் தளிகைன்னு சமைச்ச படையல் கிடையாது, இளநியும் பானகமும் நீர்மோரும் துள்ளுமாவும்தான் அவளுக்கு. ஆத்தா, நீ எங்களுக்காகக் கிடக்கிற, நானும் உன்கூடச் சேர்ந்து கிடக்கிறேன், என் பொண்டாட்டியை நல்லபடியா மேஜையிலேர்ந்து இறக்கி விடுன்னு வேண்டிக்கிட்டு மஞ்சத் துணி கட்டிட்டேன். சிலபேர் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருப்பாங்க. நான் முழுசாவே பச்சைப் பட்டினின்னு சொல்லிட்டேன். பக்கத்துல தெரிஞ்சவங்க நாலு பேர் நின்னாங்க, அதுவும் ஒரு காரணம்.

இப்ப நான் கிடந்த பட்டினியைச் சொல்றேன், சிரிக்கக் கூடாது. காலையில ஒரு செம்பு பானகம். எட்டு மணிக்கு நாலு வாழைப்பழம். பதினோரு மணிக்கு இளநி, வழுக்கையோட. மத்தியானம் பச்சரிசியை ஊற வெச்சு இடிச்சு வெல்லம் போட்ட துள்ளுமாவு, ரெண்டு கிண்ணம். அது மேல நீர்மோர். சாயங்காலம் கரும்புச் சாறு. இருட்டினதும் மறுபடியும் நாலு பழம், நடுவுல ஒரு பேரீச்சம்பழம். அந்தப் பேரீச்சம்பழம் யாருக்காக வாங்கினதுன்னு இப்ப எனக்குத் தெரியும். அப்ப நான் விரதத்துல இருந்தேன்.

இத்தனையும் யாரு செஞ்சா? குழுமாயிதான். உடம்புல ரத்தம் இல்லாதவ உலக்கையைப் பிடிச்சு மாவு இடிச்சா. இன்னும் கொஞ்சம் நைசா இருக்கலாமேன்னு நான் சொல்லுவேன். கோபமாச் சொல்ல மாட்டேன் சாமி, விரதத்துல கோபம் ஆகாது. அமைதியாச் சொல்லுவேன்.

ஊர்ல என்ன ஆச்சுன்னு கேளுங்க. மஞ்சத் துணியோட வால்வுச் சாவியைத் தூக்கிட்டுப் போறேன், குழாயடி கப்சிப். "சாமி வருது, வழி விடுங்கடி"ங்கிறாங்க. பரிமளம் குடத்தை இடுப்புலேர்ந்து இறக்கி வெச்சுட்டு, "சாமி, நம்ம தெருவுக்குக் கொஞ்சம் பார்த்து விடுங்க சாமி"ன்னு கும்பிடுது! எனக்குத் தலை கால் புரியலை. அப்புறம் குழாயடியில நின்னு பிரசங்கம் வேற பண்ண ஆரம்பிச்சேன். விரதம்னா வயித்தைக் காயப் போடுறது இல்லைம்மா, மனசைக் கொண்டுபோய் ஆத்தா பக்கத்துல உக்கார வெக்கிறதுன்னு. வார்த்தையில தப்பு இல்லை, இப்பவும் சொல்லுவேன். ஆனா என் மனசு எங்க உக்காந்திருந்துச்சு? பரிமளத்தோட குடத்துப் பக்கத்துல. இன்னிக்கும் இறக்கி வெச்சுக் கும்பிடுதா, நேத்து மாதிரி குனிஞ்சுதான்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

வீட்டுல ஒண்ணு கவனிச்சேன். கவனிக்கலைன்னு சொல்ல மாட்டேன், நல்லாவே கவனிச்சேன். அடுப்பு எரியலை. ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, வாரக் கணக்கா எரியலை. தாளிக்கிற வாசனை கிடையாது, குக்கர் விசில் கிடையாது. அடடா, என் விரதத்துக்கு இவ எவ்வளவு மரியாதை குடுக்கிறான்னு நினைச்சுக்கிட்டேன். இதைப் பெருமையா நாலு பேர்கிட்டச் சொல்லியும் இருக்கேன். டீக்கடையில நின்னு, நான் டீ குடிக்கிறதில்லை, சும்மாதான் நின்னு, எங்க வீட்டுல அடுப்பே பத்த வெக்கலப்பான்னு சொன்னேன். கேட்ட எட்டுப் பேரும் ஆகா ஆகான்னாங்க. ஒருத்தனாவது, அப்ப உன் பொண்டாட்டி என்னய்யா திங்கிறான்னு கேக்க வேண்டாமா? கேக்கலை. அவனவன் வீட்டுலயும் அப்படித்தான் போல.

பத்தொன்பதாம் நாள் ரத்தம் பார்க்கப் போனோம். ஆஸ்பத்திரி வாசல்ல எடை மிஷின். முதல்ல இவளை நிக்க வெச்சாங்க. நர்ஸம்மா சீட்டைப் பார்த்துட்டு, "போன தடவைக்கு நாலு கிலோ குறைஞ்சிருக்கே"ன்னாங்க. எனக்குக் கை பரபரன்னுச்சு. இவளே நாலு கிலோன்னா விரதம் இருக்கிற நான் எவ்வளவு குறைஞ்சிருப்பேன்? "என்னையும் கொஞ்சம் பாருங்கம்மா"ன்னு ஏறி நின்னேன். போன தடவை சும்மா ஏறிப் பார்த்ததுக்கு ஒன்றரைக் கிலோ ஏறியிருந்துச்சு சாமி. பின்னால வரிசையில நின்ன ஆள் சிரிச்சான். மிஷின்ல கோளாறா இருக்கும்னு நான் இறங்கிட்டேன்.

ரத்தம் எடுக்கிற இடத்துல குழுமாயி மயங்கி விழுந்துட்டா. தாங்கிப் பிடிச்சப்பத்தான் தெரிஞ்சுது, கையில ஒண்ணுமே இல்லை, புடவையைத் தூக்கின மாதிரி இருந்துச்சு. ரிசல்ட் வந்துச்சு. எட்டு இருந்தது ஏழுக்குக் கீழ போயிருக்கு. டாக்டரம்மா அதை மேஜை மேல வெச்சுட்டு, "என்னம்மா சாப்பிட்டீங்க இந்த மாசம்?"னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு, "டாக்டர், இவளுக்காக நான் பச்சைப் பட்டினி இருக்கேன், இன்னியோட பத்தொன்பது நாள்"னு சொன்னேன். பாராட்டுவாங்கன்னு நினைச்சுத்தான் சொன்னேன்.

"நான் உங்களைக் கேக்கலை"ன்னாங்க. "அம்மா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"அவருக்குக் கரைச்ச பானகத்துல கொஞ்சம் இருந்துச்சு டாக்டர்."

"முந்தாநாள்?"

"மோரு."

"மாத்திரை?"

"வெறும் வயித்துல போட்டா குமட்டுச்சு. விட்டுட்டேன்."

டாக்டரம்மா என்னைத் திட்டலை. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன், இருபத்திரண்டு வருசப் பழக்கம். அவங்க மஞ்சத் துணியை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பார்த்துட்டு, "ஆபரேஷன் இப்போ இல்லை. இப்படியே ரத்தம் போச்சுன்னா நாளைக்கு நினைச்சாலும் என்னால காப்பாத்த முடியாது. முதல்ல இவங்களைச் சாப்பிட வெச்சுக் கூட்டிட்டு வாங்க"ன்னு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

கீழ கேன்டீன்ல உக்கார வெச்சு சாம்பார் சாதம் வாங்கி முன்னால வெச்சேன். தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கா.

"சாப்பிடு புள்ள."

"நீங்க?"

"நான் விரதம்ல."

"அப்ப எனக்கும் இறங்காதுங்க."

"பத்தொன்பது நாளா இப்படியா இருந்தே?"

"முதல் நாள் சோறு வடிச்சேன். நீங்க எதிர்ல ஒரு டம்ளர் மோரைக் குடிச்சுட்டு வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. ஒரு வாய் வெச்சேன், ஓங்கரிச்சுது. அப்புறம் ஒருத்திக்கு எதுக்கு உலை வைக்கணும்னு விட்டுட்டேன்."

"நான் வேலைக்குப் போனப்புறம் சாப்பிட்டிருக்கலாமே?"

"அன்னிக்கு வடிச்ச சோத்தை மறுநாள் போட்டு வெச்சேன். திருட்டுத்தனமாத் திங்கிற மாதிரி இருந்துச்சு. மூடி வெச்சுட்டேன். முப்பது வருசமா உங்களுக்குப் போட்டுட்டுத்தானே நான் உக்காந்திருக்கேன்?"

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு சாமி. நான் யாருக்காகக் கிடக்கிறேன், இவ என்னடான்னா அதையே கெடுத்து வெச்சிருக்கான்னு. "உனக்காகத்தாண்டி இருந்தேன்"னு கத்திட்டேன். பக்கத்து மேஜையில திரும்பிப் பார்த்தாங்க.

அவ மெதுவாத்தான் பேசினா. "நான் கேட்டேனா? சரி, ஆத்தா பட்டினி கிடக்கிறாளே, அது யாருக்காக?"

"நமக்காக."

"நாம சாப்பிடணும்னுதானே அவ கிடக்கிறா? அவ வேலையை நீங்க ஏன் பிடுங்கிச் செய்றீங்க? உங்களுக்குன்னு ஒரு வேலை இருக்கு, வால்வைத் திறக்கிறது. அதைப் பார்த்தாப் போதாதா?"

நான் குழாயடியில அத்தனை நாள் பண்ணின பிரசங்கத்துல இது வரலை. அவ பள்ளிக்கூடம் அஞ்சாவதோட நின்னவ.

"அப்ப விரதத்தை விடச் சொல்றியா?"

"நான் சொல்ல மாட்டேன். அந்தப் பாவத்தை என் தலையில வெக்காதீங்க."

பார்த்தீங்களா வேலையை? விட்டா ஆத்தா கோவிச்சுக்கிட்டு இவளை ஏதாவது பண்ணிடுவாளோன்னு பயம். விடலைன்னா இவ சாப்பிடாமயே போயிடுவா. ஒரு மனுசன் ஒரு பிளேட் சாம்பார் சாதம் வாங்குறதுக்கு அவ்வளவு யோசிச்சு நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. எழுந்து போய் இன்னொரு பிளேட் கேட்டேன். பரிமாறுறவன் மஞ்சத் துணியைப் பார்த்துட்டு, "சாமி, உங்களுக்கா?"ன்னான். சத்தமா வேற கேட்டான். "எனக்குத்தான்ப்பா, போடு"ன்னேன்.

ஒரு கவளம் எடுத்து வாயில வெச்சேன். வெச்சுட்டு அப்படியே இருந்தேன், இப்ப ஏதாவது நடக்கும்னு. ஒண்ணும் நடக்கலை, மேல ஃபேன் சுத்திக்கிட்டு இருந்துச்சு. குழுமாயி என் தொண்டையையே பார்த்துக்கிட்டு இருந்தா. அது இறங்கினதைப் பார்த்துட்டு, அப்புறம்தான் அவ தன் தட்டுல கையை வெச்சா. பசி சாமி அவளுக்கு. அவ்வளவு பசி. குனிஞ்ச தலை நிமிராம அள்ளி அள்ளிச் சாப்பிட்டா. எனக்கு அழுகை வந்துடுச்சு. மூக்கைச் சிந்திக்கிட்டே முழுசும் சாப்பிட்டேன். ஊர்ல யாராவது பார்த்திருந்தா சாம்பார் காரம்னு நினைச்சிருப்பாங்க.

இத்தோட திருந்திட்டேன்னு நினைக்கிறீங்களா? அதுதான் இல்லை. மஞ்சத் துணியை அவுக்க மனசு வரலை. விரதம் போச்சு, சரி. சாமிங்கிற பட்டம்? வீட்டுல அவளோட உக்காந்து முருங்கைக்கீரை, முட்டை எல்லாம் ஒரு வெட்டு வெட்டுறது, வாயைத் துடைச்சுட்டு மஞ்சத் துணியோட வால்வு திறக்கப் போறது. நாலு நாள் இப்படி ஓட்டினேன். அஞ்சாம் நாள் சுவரொட்டி வாங்கிட்டு வந்தேன். ஆட்டு மண்ணீரல், அதுதான் ரத்தத்துக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. மிளகு போட்டு அதை வறுத்தா வாசனை ஜன்னலோட நிக்குமா? மன்னிச்சுக்கங்க, விரதத்துல இருக்கிற உங்ககிட்டப் போயி இதைச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் பார்த்துக்கங்க, இதோ முடிஞ்சுடும்.

அன்னிக்குன்னு பார்த்து மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. ரெண்டு நாள் ஊருக்கே தண்ணி இல்லை. மோட்டார் காயிலுக்கும் சுவரொட்டிக்கும் என்னங்க சம்பந்தம்? ஊர்ல சம்பந்தம் கண்டுபிடிச்சுட்டாங்க. பரிமளம் தலைமையில ஒரு கூட்டம் காலிக் குடத்தோட வாசல்ல வந்து நின்னுச்சு. "ஏய்யா, மஞ்சத் துணியைக் கட்டிக்கிட்டு ஆட்டு மண்ணீரலா திங்கிற? அதான் ஆத்தா தண்ணியை நிறுத்திட்டா!" நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெக்கத்தை விட்டுச் சொல்றேன். "எனக்கில்லை, அவளுக்கு"ன்னேன். என் கையில மிளகு ஒட்டிக்கிட்டு இருக்கு.

குழுமாயி சுவரைப் பிடிச்சுக்கிட்டு வெளியில வந்தா. "அவரும்தான் சாப்பிட்டாரு. அவரு சாப்பிட்டாத்தான் எனக்கு இறங்குது. என்னைத் திட்டுங்க"ன்னா. அவ முகத்தைப் பரிமளம் அப்பத்தான் சரியாப் பார்த்துச்சு. காகிதம் மாதிரி இருப்பா அப்போ. குடத்தைத் தூக்கிக்கிட்டுக் கூட்டம் கலைஞ்சுது. மறுநாள் காலையில வாசல்ல ஒரு கட்டு முருங்கைக்கீரை. பரிமளம்தான். "உனக்கில்லை, அவளுக்கு"ன்னுட்டுப் போச்சு. மஞ்சத் துணியை அன்னிக்குத்தான் அவுத்துத் துவைச்சு மடிச்சு ஆத்தா படத்துக்கிட்ட வெச்சேன். பழையபடி என் முப்பாட்டனை இழுக்க ஆரம்பிச்சாங்க, ஒருவிதத்துல நிம்மதியா இருந்துச்சு. பத்தொன்பது நாள் கிடந்ததை ஆத்தா சும்மா விட்டுட மாட்டான்னு இப்பவும் எனக்கு ஒரு எண்ணம் இருக்கு. குழுமாயிகிட்டச் சொன்னா முறைப்பா.

மூணு வாரம் சாப்பாடு, ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க, பத்தைத் தாண்டுச்சு. சித்திரையில ஆபரேஷன். முந்தின நாள் ராத்திரியிலேர்ந்தே அவளுக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. காலையில ரெட்டைச் சடை பின்னி, பச்சை அங்கியை மாட்டி விட்டாங்க, ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ள மாதிரி இருந்தா. தாலியைக் கழட்டணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. கழட்டி, மஞ்சத் துணுக்குல சுத்தி, என் சட்டைப் பையில போட்டு, பையை ரெண்டு தடவை தட்டினா.

"போயி சாப்பிடுங்க"ன்னா.

"நீ வெளியில வா, அப்புறம் பார்த்துக்கலாம்."

"நாலு இட்லி. இப்பவே. நான் வந்து கேப்பேன், பொய் சொல்லக் கூடாது. என் மேல சத்தியம்."

தள்ளிட்டுப் போயிட்டாங்க. கதவு சாத்திட்டாங்க.

கேன்டீனுக்கு இறங்கினேன். நாலு இட்லி வாங்கினேன். மேல அவளைக் கீறிக்கிட்டு இருக்காங்க, வெறும் வயித்தோட படுத்திருக்கா, நான் இங்க சட்னி தொட்டுத் திங்கணும். முதல் இட்லியைப் பிட்டு வாயில வெச்சேன், மண்ணாங்கட்டி. தண்ணி குடிச்சுத் தள்ளினேன். ரெண்டாவது பாதியில நின்னுடுச்சு. பச்சைப் பட்டினி கிடக்கிறேன் ஆத்தா, இன்னும் ரெண்டு மாசம் வேணாலும் கிடக்கிறேன், இதை மட்டும் என்னைத் திங்க வெக்காதேன்னு மனசுக்குள்ள கெஞ்சுறேன். இலையில கட்டிக்கிட்டு எழுந்துடலாம்னு பார்த்தேன். சத்தியம் வாங்கியிருக்காளே. சட்டைப் பையை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பிட்டுப் பிட்டு, மெல்லாம முழுங்கி முழுங்கி, நாலையும் முடிச்சேன். அரை மணி நேரம் ஆச்சு. அத்தனை நாள் குழாயடியில வாய் கிழியப் பேசினேனே, மனசைக் கொண்டுபோய் உக்கார வெக்கிறதுன்னு? அன்னிக்குத்தான் சாமி அது உக்காந்துச்சு. ஆத்தா பக்கத்துலயா, அந்த மேஜை பக்கத்துலயான்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

மத்தியானம் உள்ள விட்டாங்க. மயக்கம் தெளிஞ்சும் தெளியாமயும் கண்ணைத் திறந்தா. உதடு காஞ்சு வெடிச்சிருந்துச்சு. குனிஞ்சேன்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"எத்தனை?"

"நாலு."

நல்லதுங்கிற மாதிரி கண்ணை மூடிக்கிட்டா.

ஆத்தாளுக்கு இருந்ததைப் பாதியில விட்டவன் நான். ஒண்ணு மிச்சம் வைக்காம முழுசா முடிச்ச விரதம்னு என் ஆயுசுல இருக்கிறது அந்த நாலு இட்லி ஒண்ணுதான் சாமி.